மேடைக்கு முன்னே ஒரு சபை

நீநாசம் என்ற பெயரைத் தமிழ்ச் செவி முதன்முறை கேட்கும்பொழுது சற்றுத் திடுக்கிடும். யாரோ யாரையோ சபிக்கின்றார் போலும் என்று எண்ணத் தோன்றும். கன்னட நாட்டிலோ அது நாடகப் பிரியர்கள் அன்போடு சொல்லும் பெயர். நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம் என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துக்களைக் கோத்து நீநாசம் என்று சுருக்கிக்கொண்டார்கள். நாட்டியம் என்ற சொல் இங்கே நாடகத்தையே குறிக்கும். சாபம் போல ஒலிக்கும் அந்தப் பெயரைத் தாங்கிய சங்கம், ஒரு சிற்றூரின் கலைவாழ்வை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்து வந்த வரலாறு, ஊர்தோறும் கலையரங்கு வேண்டும் என்று விரும்புவோர் அனைவரும் அறிந்திருக்கத்தக்கது.

கர்நாடக மாநிலத்தில், சிவமொக்கா மாவட்டத்தில், சாகர என்னும் சிறு பட்டினத்துக்கு அண்மையில் இருக்கிறது ஹெக்கோடு. புகழ்பெற்ற ஜோக் நீர்வீழ்ச்சியும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்ததே. அது மழை மிகுந்த மலைநாடு. மேட்டிலே காடு, பள்ளத்திலே கமுகந்தோட்டம், இடையிடையே வீடுகள். தலைநகராகிய பெங்களூருக்கு அங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். கலை நிலையம் ஒன்றை எங்கே அமைக்கலாம் என்று அதிகாரிகள் நிலப்படத்தை விரித்து ஆராய்ந்திருந்தால், அவர்கள் விரல் இந்த ஊரின்மீது ஒருபோதும் பட்டிராது.

ஆயினும் அந்த ஊருக்கு ஒரு செல்வம் முன்பே இருந்தது. யட்சகானம் என்னும் கூத்து வழிவழியாக அப்பகுதியில் ஆடப்பட்டு வந்தது. செண்டையும் மத்தளமும் முழங்க, பாகவதர் பாட, பாரதக் கதையும் இராமாயணக் கதையும் விடியும்வரை நடக்கும். பாயை விரித்து இரவு முழுவதும் கண்விழித்திருந்து பார்க்கத் தெரிந்த மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். இன்ன இடத்தில் ஆட்டக்காரர் தவறினார், இன்ன இடத்தில் பாட்டு உச்சம் பெற்றது என்று மறுநாட் காலையில் தோட்டத்து வரப்பிலே நின்று வாதிக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கலை நிலையத்தின் முதல் மூலதனம் அத்தகைய சபையே.

இந்தியா சுதந்திரம் பெற்று இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், 1949ஆம் ஆண்டில், அவ்வூர் இளைஞர் சிலரும் தோட்டக்காரர் சிலரும் கூடி இச்சங்கத்தைத் தொடங்கினார்கள். ஓய்ந்த நேரத்தில் நாடகம் போடுவதே அவர்கள் நோக்கம். அக்காலத்தில் கிராமந்தோறும் இத்தகைய சங்கங்கள் தோன்றின. பல, இரண்டொரு நாடகத்தோடு மறைந்தும் போயின. நீநாசம் மறையாமல் நின்றதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுட் பெரியது கே. வி. சுப்பண்ணா என்னும் மனிதரின் உழைப்பு.

சுப்பண்ணா 1932ஆம் ஆண்டிற் பிறந்தவர். சங்கம் தோன்றியபொழுது அவருக்கு வயது பதினேழு. பின்னர் மைசூர் மகாராசாக் கல்லூரியிற் கற்றார். மகாகவி குவெம்பு அங்கே கன்னடம் கற்பித்த காலம் அது. கல்லூரி முடித்த கிராமத்து இளைஞனுக்கு அன்று நகரத்திலே உத்தியோகக் கதவுகள் திறந்திருந்தன. சுப்பண்ணா ஊருக்குத் திரும்பினார். கமுகந்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். நூல்கள் வெளியிட அட்சர பிரகாசனம் என்ற பதிப்பகத்தையும் நிறுவினார். காளிதாசனையும் சேக்ஸ்பியரையும் பிரெக்ற்றையும் கன்னடத்துக்குக் கொண்டுவந்தார். நகரத்தில் உள்ளவனுக்கு உலகத்தின் சிறந்த நாடகம் கிடைக்குமானால், அதே நாடகம் கமுகு பறிப்பவனுக்கும் ஏன் கிடைக்கலாகாது என்பதே அவர் தம் வாழ்நாள் முழுவதும் எழுப்பிய கேள்வி.

இங்கே சிந்திக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. சங்கம் பிறந்தது 1949இல். அதற்கென்று நிலையான அரங்கு எழுந்தது 1972இல். இடைப்பட்ட இருபத்துமூன்று ஆண்டுகள் சொந்த மண்டபம் இல்லாமலே கழிந்தன. அந்த ஆண்டுகளில் நடிகர்கள் உருவானார்கள், இரசிகர்கள் உருவானார்கள், எந்த நாடகம் ஊரைப் பிடித்து நிறுத்தும், எது கொட்டாவி விடச் செய்யும் என்ற பட்டறிவு உருவாயிற்று. கட்டடம் வந்தபொழுது அதனுள்ளே போய் அமர ஒரு சபை வாசலிற் காத்திருந்தது. நாவலாசிரியரும் யட்சகான ஆராய்ச்சியாளருமாகிய சிவராம காரந்தரின் பெயரை அந்த அரங்குக்குச் சூட்டினார்கள். பழைய கூத்தையும் புதிய எழுத்தையும் ஒருங்கே போற்றிய பேரறிஞர் அவர். அரங்கின் நோக்கத்துக்குப் பொருத்தமான பெயர்.

நம் நாடுகளிற் பெரும்பாலும் இதற்கு மாறாகவே நடைபெறுகிறது. முதலில் அடிக்கல் நாட்டுகிறார்கள்; பின்னர் திறப்பு விழா; பின்னர் பூட்டு. மண்டபம் கட்டுவதற்கு நிதி ஒருமுறை கிடைத்தாற் போதும். மண்டபத்தை நடத்துவதற்கோ ஆண்டுதோறும் நிகழ்ச்சி வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். மின்விளக்குக்கும் துப்புரவுக்கும் செலவு வேண்டும். இந்தக் கணக்கைத் திறப்பு விழாவுக்கு முன்பே போட்டுப் பார்ப்பவர் சிலரே.

ஹெக்கோட்டு மக்கள் அரங்கைச் சும்மா விட்டுவைக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1973இல், திரைப்பட சமாசம் ஒன்றைத் தொடங்கினார்கள். சத்தியசித் ராய், ஜப்பானிய நெறியாளர் குரோசாவா, இத்தாலிய நெறியாளர் டி சிக்கா முதலியோரின் படங்கள் அந்தக் கிராமத்துக்கு வந்தன. எழுத்தறிவு குறைந்த மக்கள் இவற்றை எவ்வாறு விளங்கிக்கொள்வார்கள் என்று படித்தவர்கள் ஐயுற்றார்கள். சங்கத்தார் படங்களைப் பற்றிக் கன்னடத்தில் விளக்கிச் சொன்னார்கள். திரைப்படக் கலை பற்றி எளிய நூல்கள் எழுதினார்கள். படம் முடிந்தபின் கூடியிருந்து கலந்துரையாடினார்கள். புனேயிலிருந்து பேராசிரியர் சதீஷ் பகதூர் வந்து திரைப்பட இரசனை வகுப்புக்களை நடத்தினார். திருடப்பட்ட துவிச்சக்கரவண்டியைத் தேடி அலையும் ஏழைத் தகப்பனின் துயரம் விளங்குவதற்கு இத்தாலிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாட்கூலிக்கு வேலை தேடி அலைந்தவனுக்கு அது மற்றெவரினும் நன்றாக விளங்கும்.

மூன்றாவது படி, நாடகப் பள்ளி. 1980ஆம் ஆண்டில் நீநாசம் நாடகக் கல்விக்கென ஒரு நிறுவனத்தை அமைத்தது. பத்து மாதப் பயிற்சி. மாணவர் அங்கேயே தங்கிக் கற்க வேண்டும். நடிப்பு, குரற்பயிற்சி, உடலசைவு, ஒப்பனை, ஒளியமைப்பு, நாடக இலக்கியம் யாவும் பாடங்கள். கன்னட நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இளைஞரும் யுவதிகளும் வந்தார்கள். பயிற்சி பெற்றோர் பலர் நாடகக் குழுக்களிலும் பாடசாலைகளிலும் இக்கலையைப் பரப்பினார்கள். நகரத்துக்குச் சென்று கலை கற்றுவருவது வழக்கமாயிருந்த நாட்டில், நகரத்துப் பிள்ளைகளும் கலை கற்கக் கிராமத்துக்கு வரும் புதுமை நிகழ்ந்தது.

ஆயினும் ஒரு கேள்வி எழாமல் இராது. தோட்டக்காரர் தொடங்கிய சங்கம், அந்தத் தோட்டங்களிற் கூலிக்கு உழைப்போருக்கும் உரியதாகுமா? மண்டபத்தின் வாசலைத் திறந்து வைத்தால் மட்டும் எல்லோரும் உள்ளே வந்துவிடுவதில்லை. சாதியும் வறுமையும் கூச்சமும் பலரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடும். உள்ளே வராதவரை நாடி வெளியே செல்லுதல் வேண்டும். 1980களின் முற்பகுதியில் நீநாசம் ஜனஸ்பந்தனம் என்ற திட்டத்தின்கீழ் கன்னட நாட்டின் பல ஊர்களுக்கும் சென்று நாடகப் பட்டறைகளும் திரைப்பட விழாக்களும் நடத்தியது. அவற்றுள் ஒன்று சித்தி என்னும் சமூகத்தாரோடு நடத்திய பட்டறை. சித்திகள், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் போர்வீரராகவும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். காட்டை அண்டி வாழும் எளியவர்கள். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் நாவலைத் தழுவிய நாடகத்தை அவர்கள் கன்னடத்திலே நடித்தார்கள். மூதாதையர் விட்டுவந்த கண்டத்தின் கதையொன்று, அவர்கள் இன்று பேசும் மொழியிலே, அவர்கள் உடல் வழியாகவே மேடையேறிற்று. கலை நிலையம் என்பது எதற்காக என்று வினவுவோருக்கு இதனினும் தெளிவான விடை கிடைப்பது அரிது.

1985ஆம் ஆண்டிலே திருகாட்டம் தொடங்கிற்று. யட்சகானக் குழுக்கள் மழை ஓய்ந்ததும் ஊரூராகப் புறப்பட்டு ஆடிவரும் பயணத்துக்கு அந்நாட்டு வழக்கிலே திருகாட்டம் என்று பெயர். சுற்றித் திரிதல் என்பது பொருள். பழைய பெயரைப் புதிய முயற்சிக்குச் சூட்டினார்கள். பெரும்பாலும் தமது பள்ளியிற் பயின்ற நடிகர்களைக் கொண்டு ஒரு குழுவை அமைத்து, மழைக்காலத்தில் நாடகங்களைப் பழகி, பின்னர் கன்னட நாடெங்கும் செல்வது வழக்கமாயிற்று. ஓராண்டுப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் நிகழும். காட்சியமைப்பு ஒரு வண்டியில் ஏற்றத்தக்க அளவினதாகவே இருக்கும். பாடசாலை மண்டபமாயினும் திறந்த வெளியாயினும் சில மணி நேரத்தில் மேடையைப் பூட்டி முடித்துவிடுவார்கள்.

இக்குழு நாடகங்களைத் தேர்ந்தெடுத்த முறையும் கவனிக்கத்தக்கது. ஆண்டுக்குப் பெரும்பாலும் மூன்று நாடகங்கள். கன்னட நாடகம், வடமொழி அல்லது பிற இந்திய மொழி நாடகம், பிற நாட்டு நாடகம் என்று கலந்து எடுப்பார்கள். மக்கள் ஏற்கெனவே விரும்புவதை மட்டும் கொடுத்தால் இரசனை வளராது. அறியாததை மட்டும் கொடுத்தால் சபை கலைந்துபோகும். அறிந்ததின் கையைப் பிடித்துக்கொண்டு அறியாதது உள்ளே வருகிறது. இதனை ஆண்டுக்கணக்காக இடைவிடாது செய்தால், பத்து வயதிலே தந்தையின் மடியிலிருந்து சேக்ஸ்பியரைப் பார்த்த பிள்ளை, முப்பது வயதிலே தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காளிதாசனைப் பார்க்கும் நிலை உண்டாகும்.

இவற்றோடு, ஆண்டுதோறும் ஒக்டோபர் மாத அளவில் பண்பாட்டு முகாம் ஒன்றும் நடைபெற்று வந்திருக்கிறது. ஆசிரியர், மாணவர், வங்கி ஊழியர், விவசாயி எனப் பலதிறத்தாரும் ஒரு வார காலம் அங்கே கூடி, பகலிலே இலக்கியமும் சமுதாயமும் பற்றி விவாதித்து, இரவிலே நாடகம் பார்ப்பார்கள். எழுத்தாளர் யூ. ஆர். அனந்தமூர்த்தி போன்றோர் அங்கே பல ஆண்டுகள் உரையாடியிருக்கிறார்கள். ஆக, மழைக்காலத்தில் ஒத்திகை, மழை ஓய்ந்ததும் முகாமும் பயணமும், பத்து மாதப் பள்ளி, உள்ளூர் மக்கள் தாமே நடிக்கும் நாடகங்கள் என்று, அந்த ஊரின் ஆண்டு முழுவதும் கலையால் நிரம்பிற்று.

1991ஆம் ஆண்டில் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2005ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவர் காலமானார். ஒருவர் உழைப்பால் வளர்ந்த நிறுவனம் அவரோடு முடிந்துவிடுமோ என்ற அச்சம் இத்தகைய இடங்களில் இயல்பானது. பள்ளியும் திருகாட்டமும் அவருக்குப் பின்னும் தொடர்ந்தன. அவர் மகனும் நாடக நெறியாளருமாகிய கே. வி. அட்சரா முதலியோர் பொறுப்பேற்றார்கள். வேலை பலர் கையில் முன்பே பங்கிடப்பட்டிருந்தமையால், ஒரு தூண் சாய்ந்தபொழுது கூரை விழவில்லை.

இலங்கைத் தமிழருக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று. யட்சகானத்துக்கும் நம் நாட்டுக் கூத்துக்கும் உள்ள உறவை அறிஞர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மட்டக்களப்பின் வட்டக்களரியைச் சுற்றி விடியும்வரை அமர்ந்திருந்த மக்களும், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அண்ணாவியாரின் பாட்டுக்குச் செவிகொடுத்த மக்களும் ஹெக்கோட்டு மக்களின் உடன்பிறந்தாரே. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்களைப் புதுமெருகோடு மேடையேற்றியபொழுது, கிராமத்துக் கலையைப் படித்தவர் உலகம் வியந்து நோக்கிற்று. கிராமத்திலிருந்து நகரத்துக்கு அன்று ஒரு பாதை திறந்தது. அதே பாதையில் உலகத்தின் நல்ல நாடகங்கள் கிராமத்துக்கு வந்து சேர்ந்தனவா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

நம்மூர்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பத்திரிகை படிக்க ஒரு மேசையும், ஆண்டு விழாவுக்கு ஒரு மேடையும் பலவற்றில் உண்டு. ஆண்டுக்கு ஓரிரவு விளக்கெரியும் அந்த மேடையில் மாதத்துக்கு ஓரிரவு விளக்கெரிவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஊரிலுள்ள அண்ணாவியார் ஒருவரும், ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவரும், ஒழுங்காகக் கூடும் பத்து இளைஞரும் போதும். இந்த மாதம் பழைய கூத்தின் ஒரு பகுதி; அடுத்த மாதம் பிறமொழி நாடகம் ஒன்றின் வாசிப்பு; அதற்கடுத்த மாதம் நல்ல திரைப்படம் ஒன்றும், அது பற்றிய கலந்துரையாடலும். இருபது பேர் வந்தாலும் குறித்த நாளில் நிகழ்ச்சி நடைபெற வேண்டும். தவறாமல் நடப்பது ஒன்றே சபையை உண்டாக்கும்.

புதிய மண்டபம் வேண்டும் என்று விண்ணப்பம் எழுத அமரும் ஊரவர், அதற்கு முன்னர் வேறொரு தாளை எடுத்து, பன்னிரண்டு மாதங்களின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன நிகழ்ச்சி, யார் பொறுப்பு என்று குறித்துப் பார்ப்பார்களாக. அந்தத் தாள் நிரம்புமானால், மரநிழலே இப்போதைக்கு அரங்காகும். மண்டபம் தன் காலத்தில் வந்துசேரும். அது வெறுமையாக இருக்குமானால், எத்துணைப் பெரிய மண்டபம் எழுந்தாலும் திறப்பு விழாவுக்கு மறுநாள் அதன் திறவுகோலைத் தேடுவார் எவரும் இரார்.