பாக்கு விரிகுடாவும் இரு கரைகளின் பொறுப்பும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நான் கடைசியாக நின்றது ஒரு பேச்சுப்போட்டியில். மணி அடித்த பின்பும் பேசிக்கொண்டிருந்தேன் என்று புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். இன்று அந்தப் பிழையை விடமாட்டேன்.

கடல் வளத்தைக் காப்பதில் அயல்நாடுகளின் ஒத்துழைப்பு என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. உலகக் கடல்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. நான் பிறந்த கரைக்கு முன்னால் இருக்கும் கடலைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் ஒரு நன்றிக்கடன். 1990 இல் என் சித்தி குடும்பம் வள்ளத்தில் ஏறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தது. கரையில் இறங்கியபோது சோறும் மாற்றுத் துணியும் கொடுத்தவர்கள் அங்குள்ள மீனவப் பெண்கள். பிறகு மண்டபம் முகாமில் பல ஆண்டுகள் இருந்தார்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இனி நான் சொல்லப்போவது அந்த மக்கள் மீதான கோபம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

பாக்கு விரிகுடா மிகவும் ஆழம் குறைந்தது. சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீற்றர்தான். வெயில் அடிவரை இறங்குவதால் கடற்புல் செழித்து வளர்கிறது. அந்தப் புல்லில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. ஒட்டியும் ஓராவும் அங்கே மேய்கின்றன. அழிந்துவரும் கடற்பசுவுக்கு அதுதான் உணவு. நமது சமையலறைக்கு வரும் மீனில் பெரும்பகுதி அந்தப் புல்வெளியின் கொடை.

இழுவைமடி என்பது அடித்தரையை வாரிக்கொண்டு போகும் வலை. இறாலைப் பிடிக்கப் போட்டாலும் புல்லையும் குஞ்சுகளையும் சேர்த்தே அள்ளும். இத்தொழில் 1950களில் நோர்வேயின் உதவித் திட்டம் ஒன்றின் வழியாகக் கேரளத்துக்கு வந்து, பின்பு தமிழ்நாட்டுக் கரையிலும் பரவியது. இறால் ஏற்றுமதியில் நல்ல பணம் கிடைத்ததால் படகுகள் பெருகின. தமிழ்நாட்டின் 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை தம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் தொழில் செய்யக் கூடாது. ஒடுங்கிய விரிகுடாவில் மீதமாக இருப்பது கொஞ்ச இடமே. அதற்கப்பால் 1974 இலும் 1976 இலும் இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு. யுத்த காலத்தில் நமது மீனவர் கடலுக்குப் போகத் தடை இருந்தது. அந்த வெற்றிடத்தில் அவர்களுடைய படகுகள் இந்தப் பக்கம் வந்து பழகிவிட்டன.

2009 க்குப் பின் நம்மவர்கள் மீண்டும் தொழிலுக்கு இறங்கினார்கள். என் தம்பியும் கடன்பட்டு நண்டு வலை வாங்கினான். ஓர் இரவு இழுவைப்படகுகள் வரிசையாக வந்தன. விடிந்தபோது வலையில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அவன் வள்ளத்தில் நின்று கத்தியபோது, படகிலிருந்து ஒருவர், “தம்பி, விலகிப் போ, அடிபட்டுவிடுவாய்” என்று கூப்பிட்டாராம். “அக்கா, என்னைத் தம்பி என்று சொல்லிக்கொண்டேதான் வலையை அறுத்தாங்கள்” என்று அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் கடனை அடைக்க அவனுடைய மனைவி நண்டுச் சதை எடுக்கும் வேலைக்குப் போனாள். மூத்த மகள் ஒரு தவணை பள்ளிக்கூடம் போகவில்லை.

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2016 நவம்பரில் புதுடில்லியில் அமைச்சர்கள் கூடி, இழுவைமடித் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரும் திசையில் நகரவும், கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைக்கவும் இணங்கினார்கள். 2017 ஜூலையில் இலங்கை சட்டத்தைத் திருத்தி இழுவைமடியைத் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியா, 2,000 இழுவைப்படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் சூரைப் படகுகள் கொடுக்கும் திட்டத்தை மூன்றாண்டு இலக்குடன் தொடங்கியது. அந்த இலக்கில் சிறு பகுதிதான் நிறைவேறியது. ஓரிரவுத் தொழிலுக்குப் பழகியவர், பெருங்கடனில் படகு வாங்கிப் பல நாள் ஆழ்கடலில் தங்குவது இலகுவான காரியம் அல்ல.

இதற்கிடையில் நடப்பதெல்லாம் கைதுதான். கைதாகிறவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு வந்தவர்கள். அவர்களுக்காக அங்கே பெண்கள் அழுகிறார்கள். அறுந்த வலைக்காக இங்கே பெண்கள் அழுகிறார்கள். கடற்புல் மட்டும் வளரவில்லை.

ஒத்துழைப்பால் பயன் உண்டா என்று கேட்டால், ஆண்டுதோறும் நம் கண்முன்னே ஒரு விடை கிடைக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இழுவைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் நம் ஊர் மீனவர் பயமில்லாமல் வலை போடுகிறார்கள். கடன் அடைவதும் அப்போதுதான். ஒரு பக்கம் ஓய்வு கொடுத்தால் மறுபக்கமும் பிழைக்கிறது.

இன்னொரு சான்று ஐரோப்பாவில் உண்டு. டென்மார்க், ஜேர்மனி, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் வாடன் கடலும் ஆழமற்றதுதான். 1978 முதல் அவர்கள் ஒன்றாகக் கூடுகிறார்கள். 1982 இல் கூட்டுப் பிரகடனம் செய்தார்கள். 1987 இல் பொதுச் செயலகம் அமைத்தார்கள். 1988 இல் ஒரு வைரசு நோயால் அங்குள்ள கடல்நாய்கள் பெருந்தொகையாக இறந்தன. 1990 இல் மூன்று நாடுகளும் அவற்றுக்காகவே ஓர் உடன்படிக்கை செய்தன. பிறகு அவை மீண்டும் பெருகின. எங்கள் கடற்பசுவுக்கும் அப்படி ஓர் உடன்படிக்கை வேண்டும். 2022 இல் தமிழ்நாடு தன் பக்கத்தில் ஏறத்தாழ 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் கடற்பசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது. அந்தக் காப்பகத்துக்கு இந்தக் கரையிலும் ஒரு தொடர்ச்சி வேண்டும்.

அதற்காகப் புதிய அமைப்புகளைத் தேடி அலையத் தேவையில்லை. தெற்காசியச் சூழல் கூட்டுறவு நிகழ்ச்சித்திட்டம் 1982 முதல் கொழும்பில் இருக்கிறது. வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பு சென்னையில் இருக்கிறது. இரண்டிலும் இரு நாடுகளும் உறுப்பினர்கள். கடற்புல் எங்கே இருக்கிறது, எங்கே அழிந்துவிட்டது என்பதை இரு கரை ஆய்வாளரும் சேர்ந்து வரையும் ஒரே வரைபடம் முதல் வேலையாகட்டும். ஆழ்கடலுக்குப் போக முடியாத மீனவருக்குக் கரையிலேயே வேறு தொழில் கொடுப்பது அடுத்த வேலை. 2004, 2010, 2014 என்று விட்டுவிட்டு நடந்த மீனவர் பேச்சுகள் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கட்டும்.

நம் வீட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்திலும் இழுவைமடி வைத்திருப்பவர்கள் உண்டு. டைனமைற் வெடிப்பவர்கள் உண்டு. கடற்புல்லின் மேல் பண்ணை அமைக்கிறவர்கள் உண்டு. நம்முடைய பிழையை மூடிவிட்டு அடுத்தவரிடம் நியாயம் கேட்டால் அந்தக் குரலுக்குப் பலம் இருக்காது.

கடைசியாக மாணவிகளுக்கு ஒரு சொல். மீனவர் பேச்சுகளின் படங்களைப் பாருங்கள். மேசையைச் சுற்றிப் பெரும்பாலும் ஆண்கள். வலை பின்னுவதும், கருவாடு போடுவதும், கடனை அடைப்பதும் பெண்கள். உங்களில் யாராவது கடலியல் படியுங்கள், யாராவது சட்டம் படியுங்கள், அந்த மேசையில் போய் உட்காருங்கள். எதிரே இருப்பவரும் தமிழில்தான் பேசுவார். என் சித்திக்குச் சோறு போட்டவரின் பேத்தியாகவும் இருக்கலாம். அந்த நன்றியையும் சொல்லுங்கள், அறுந்த வலையின் கணக்கையும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்த ஒருத்தி அங்கே இருந்தால் பேச்சு வேறு விதமாகப் போகும் என்று நான் நம்புகிறேன்.

ஒரு தவணையைத் தவறவிட்ட என் தம்பியின் மகள் பிறகு படிப்பைத் தொடர்ந்தாள். இப்போது பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் படிக்கிறாள். இன்று பின்வரிசையில்தான் இருக்கிறாள்.

மணி அடிக்க முன் முடித்துவிட்டேன்.