நிரல்களும் ஓயாப் பரிசோதனையும்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே மாரி தொடங்குமுன் கமக்காரர் குளக்கட்டைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். கட்டிலே எலிவளை உண்டா, துருசு செம்மையாக மூடுகின்றதா என்று நோக்குவர். வெள்ளம் வந்தபின் உடைப்பைக் கண்டு பயனில்லை. கணினித் துறையிலும் இத்தகைய முற்பரிசோதனை ஒன்று உண்டு.

புளியங்குளத்து மாணவி ஒருத்தி பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தைக் கைத்தொலைபேசியில் நிரப்புகிறாள் என்று கொள்வோம். அவள் எழுதியதைச் சரிபார்த்து அடுத்த பக்கத்துக்கு வழிவிடும் நிரலின் ஒரு பகுதி, அவளுடைய தொலைபேசியிலேயே இயங்குகின்றது. அப்பகுதி பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் அமைவது. 1995ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திலே பிரெண்டன் ஐக் என்பார் அம்மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் ஆக்கினார். எழுதியவரின் புதிய கணினியில் நன்கு ஓடும் நிரல், மாணவியின் பழைய தொலைபேசியில் நின்றுவிடலாம். பொத்தானை அழுத்துவாள், ஒன்றும் நிகழாது. பிழை யாருடையதென அவள் அறியாள், எழுதியவரும் அறியார். முடிவுத் திகதியோ காத்திராது.

இத்தகைய குறைகளை முன்கூட்டியே காண, 2004ஆம் ஆண்டில் சிக்காகோ நகரிலே, தோட்வேர்க்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேசன் ஹகின்ஸ் என்பார் செலீனியம் என்னும் கருவியை உருவாக்கத் தொடங்கினார். மனிதர் செய்வது போலவே அது உலாவியைத் திறக்கும்; எழுத்துக்களை இடும்; பொத்தானை அழுத்தும்; விளைவு எதிர்பார்த்ததுதானா என ஒப்பிடும். 2017ஆம் ஆண்டு முதல், திரையே இல்லாமல் இயங்கும் வசதி குரோம் உலாவியிலும் கிடைத்தது.

பலர் கூடி எழுதும் நிரலிலே, ஒருவர் செய்த மாற்றம் மற்றொருவர் வேலையைக் கெடுத்தல் இயல்பு. ஆதலால், ஒவ்வொரு மாற்றமும் பொது நிரலோடு சேரும்போதெல்லாம், ஜென்கின்ஸ் போன்ற ஏவலாள் மென்பொருள் பரிசோதனைகள் அனைத்தையும் தானே நடத்துகின்றது. ஒன்று தவறினும் செங்குறி தோன்றும். இம்முறையையே தொடர் ஒருங்கிணைப்பு என்பர்.

எனினும் இதிலோர் இடர் உண்டு. விடை வந்துசேரச் சற்றுத் தாமதமானால், குற்றமற்ற நிரலும் தவறியதாகத் தோன்றும். இன்று தவறி நாளை தேறும் பரிசோதனையை எவரும் நம்பார். பொய்க்குறி மலிந்தால் மெய்க்குறியும் புறக்கணிக்கப்படும். இத்தனை நொடி பொறு என்று கட்டளையிடாது, இன்னது திரையில் தோன்றும்வரை பொறு என்று அமைப்பதே தக்க பரிகாரம்.

மற்றொன்று, வினவாத வினாவுக்கு இயந்திரம் விடை தராது என்பதாகும். கோமதி என்ற பெயரை நோக்குக. யுனிகோட் முறையிலே அதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம்; ஏகாரக் குறியும் ஆகாரக் குறியுமாக இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருமைப்படுத்தாமல் ஒப்பிடும் நிரலுக்கோ அவை இருவேறு பெயர்கள். இரு வடிவங்களையும் இட்டு, ஒன்றெனக் கொள்கின்றதா என்று வினவும் சிறு பரிசோதனை ஒன்று சேர்க்கப்பட்டால், அப்பிழை மறுபடி நுழையும் ஒவ்வொரு முறையும் பிடிபடும். அதைச் சேர்க்க வேண்டும் என்று எண்ணுபவர் தமிழெழுத்தின் இயல்பை அறிந்தவராதல் வேண்டும்.

ஆகவே, நம் பாடசாலைகளில் கணினி பயிலும் பிள்ளைகள் நிரல் எழுதுவதோடு அமையாது, அதைச் சோதிக்கவும் பழகுதல் நன்று. தம் ஊராரின் பெயரும் தம் ஊராரின் பழைய தொலைபேசியும் அச்சோதனையில் இடம்பெறச் செய்ய அவர்களைவிடத் தகுதியுடையார் யாருளர்?