மானுக்கும் மலேரியா

மலேரியா மனிதருக்கு மட்டுமல்ல, மானுக்கும் வரும்!

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் என்று ஓர் இனம். 1967-ல் டெக்சாஸில் ஒரே ஒரு மானின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார்கள். பிறகு எல்லோரும் அதை மறந்தே போனார்கள்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, பறவை மலேரியாவைத் தேடி, வாஷிங்டன் விலங்குக் காட்சிசாலையில் கொசுக்களைச் சோதித்தார்கள். அரிசியில் கல் பொறுக்கும்போது தொலைந்த மோதிரம் அகப்படுமே, அதுபோல மான் மலேரியா அகப்பட்டது!

தேடிப் பார்த்தால், சில இடங்களில் நான்கில் ஒரு மானுக்கு இருந்தது. பெரும்பாலான மான்கள் துள்ளித் திரிந்தன. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

துள்ளும் மானின் ரத்தத்திலும் மலேரியா இருக்கலாம். ஆகவே காட்டு விலங்குகளின் ரத்தத்தை அவ்வப்போது சோதிப்பது அவசியம். நோய் முற்றும்வரை காத்திருக்கக் கூடாது.