தூணுக்கு யார் பணம் கொடுப்பது?

நடுவர் அவர்களே! எதிரணி அம்மா கடற்காற்றைப் பற்றிப் பேசப் பேச, எனக்கே ஒரு ஃபிளாட் புக் பண்ணிடலாமான்னு தோணிடுச்சு. (சிரிப்பு)

காற்றை நான் மறுக்கலைங்க. கத்திரி வெயில்ல பகல் பன்னிரண்டு மணிக்கே கடற்காற்று வந்துட்டா பெசன்ட் நகர் பிழைச்சுது. மேற்குக் காற்று அதைத் தடுத்து மூணு மணி வரைக்கும் நிறுத்தி வச்சா சென்னையே கொதிக்குது. அந்தக் காற்று முதலில் நுழைவது கடலோரத்து பால்கனியில்தான். ஒத்துக்கறேன்.

ஆனா அது தனியாவா வருது? கையில உப்பைக் கொண்டு வருதே! கேட்டுத் தாழ்ப்பாளைப் பாருங்க, ஏ.சி. பெட்டியைப் பாருங்க. பூட்டைத் திறக்கச் சாவியோடு தேங்காய் எண்ணெயும் எடுத்துப் போக வேண்டியிருக்கு. (சிரிப்பு) இதெல்லாம் போகட்டும், மாத்திக்கலாம். அந்த உப்பு கான்கிரீட்டுக்குள்ளே மெல்ல மெல்ல இறங்கி உள்ளே இருக்கிற கம்பியைப் பிடிக்குது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். இடம் இல்லாததால் உள்ளேயிருந்து நெம்பி, தூணையே பிளக்குது. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்றார்கள். கம்பி நினைக்குதுங்க, தான் உள்ள அளவும்! (கைதட்டல்)

தனி வீடாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிடுவீங்க. அடுக்குமாடியில் தூண் யாருடையது? எல்லாருடையதும். அதாவது யாருடையதும் இல்லை. நாலாவது மாடிக்காரர், "விரிசல் கீழேதானே" என்பார். கீழ்வீட்டுக்காரர், "ஒழுகறது மேலேதானே" என்பார். வாடகைக்கு விட்டுவிட்டு அமெரிக்காவில் இருப்பவர் போனையே எடுக்கமாட்டார். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறேன். அது புரியணும்னா கடலோர அசோசியேஷன் கூட்டத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க! (பலத்த சிரிப்பு)

தண்ணீர்? கரையோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி மேல மிதந்துகிட்டு இருக்கு. நாற்பது வீட்டுக்கும் சேர்த்து மோட்டார் போட்டு இழுத்தா, உப்புத் தண்ணி மேலே ஏறி வரும். நமக்கு என்ன, லாரிக்குப் போன் போடுவோம். பக்கத்துக் குப்பத்தில் அதே மணலில் அடிபம்பு வைத்திருக்கிற அம்மா யாருக்குப் போன் போடுவாங்க?

2004 சுனாமியை நான் இழுக்கப் போவதில்லை. அது என்றோ ஒரு நாள் வருவது. உப்பு தினமும் வருது.

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் கடலை ஒட்டி நிற்கிற வாரியக் குடியிருப்பு தெரியும் உங்களுக்கு. அங்கே பலர் காற்று வாங்கக் குடிவந்தவங்க இல்லை, கடலில் பிழைக்கிறவங்க. 2024 டிசம்பரில் அங்கே மேலேயிருந்த சன்ஷேடு பெயர்ந்து விழுந்து, கீழே இருந்த ஓர் இளைஞர் செத்துப்போனார். புயல் இல்லை, அலை இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

அம்மா, காற்றுக்கு எத்தனை மார்க் வேணும்னாலும் போடுங்க. உங்க ஃபிளாட்டில் அந்த முதல் விரிசலுக்கு முதல் ஆயிரம் ரூபாயை எடுத்து வைக்கப் போறது எந்த வீடு? அதை மட்டும் உங்க அணியில் அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும். நடுவர் மணியில் கை வச்சுட்டார்.