ஓடும் பாதையில் சிக்னல் மாற்றம்: மாநாட்டுத் தலைமை உரை

முன்னே செல்லும் ரயிலுக்கும் பின்னே வரும் ரயிலுக்கும் இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதுதான் சிக்னல் முறை விடை சொல்ல வேண்டிய முதல் கேள்வி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மெட்ரோ ரயில், பயணிகள் தடுமாறி விழாத அளவுக்கு பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 250 மீட்டர் வேண்டும். அந்த இடைவெளி எக்காலத்திலும் குறையக்கூடாது. தேவைக்கு மேல் கூடவும் கூடாது. கூடினால் ஒரு மணி நேரத்தில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கை குறையும், நடைமேடையில் கூட்டம் சேரும்.

நூறாண்டுக்கு மேலாக இதற்கு இருந்த விடை பிளாக் முறை. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயில் மட்டுமே இருக்கலாம் என்று விதி வைத்தார்கள். 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட் இந்த விதிக்குக் கண்ணாக அமைந்தது. தண்டவாளத்தில் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ரயில் வந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் அதைக் குறுக்கே இணைத்துவிட, ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும், தண்டவாளம் முறிந்தாலும், மின்சாரம் நின்றாலும் அதே ரிலே விழும், அதே சிவப்பு எரியும். பழுது எதுவானாலும் பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும் என்ற ரயில்வேயின் அடிப்படை நெறி இந்தச் சிறு கருவிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதன் குறை ஒன்றுதான். துண்டுக்குள் ரயில் இருக்கிறது என்று சொல்லும். எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லாது. துண்டின் முனையில் கடைசிப் பெட்டி மட்டும் மீதியிருந்தாலும் துண்டு முழுவதும் அடைபட்டதாகவே கணக்கு.

ரேடியோ வழித் தொடர்பில் இயங்கும் புதிய முறை இந்தக் குறையைத் தீர்க்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த அடையாளக் கருவிகளைக் கடக்கும்போதெல்லாம் ரயில் தன் இடத்தைச் சரிபார்த்துக்கொள்கிறது. இடைப்பட்ட தூரத்தைச் சக்கரச் சுழற்சியைக் கொண்டு கணக்கிடுகிறது. தன் நீளம், வேகம், இருப்பிடம் மூன்றையும் இடைவிடாமல் பாதையோரக் கணினிக்கு அனுப்புகிறது. எதுவரை போகலாம் என்ற அனுமதி அங்கிருந்து திரும்பி வருகிறது. முன் ரயில் நகர நகர, பின் ரயிலுக்கான எல்லையும் நகரும். கனடாவின் டொராண்டோவிலும் வான்கூவரிலும் 1980-களின் நடுவிலேயே நகரும் பிளாக் முறை சேவைக்கு வந்துவிட்டது. ஆகவே கொள்கை புதியதன்று. புதிதாகக் கட்டும் பாதையில் அதை நிறுவுவது இன்று தெரிந்த வேலை. நாள்தோறும் லட்சக்கணக்கானோர் ஏறி இறங்கும் பழைய பாதையில், சேவையை நிறுத்தாமல் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பதுதான் கடினம். இம்மாநாட்டின் கவனத்திற்கு உரியது அதுவே.

சிங்கப்பூர் இதற்குத் தக்க சான்று. 1987-இல் தொடங்கிய பெருவிரைவு ரயில் சேவையின் மூத்த பாதைகளான வடக்கு-தெற்குப் பாதையும் கிழக்கு-மேற்குப் பாதையும் நிலைத்த பிளாக் முறையில் ஓடின. உச்ச நேரத்தில் இரு ரயில்களுக்கு இடையே 120 விநாடி என்பது அதன் எல்லை. அதை 100 விநாடியாகக் குறைக்க 2012-இல் தாலெஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. இருபது விநாடி கேட்கச் சிறியது. கணக்கில் அது மணிக்கு 30 ரயில் 36 ஆவது. புதிய சுரங்கம் தோண்டாமல், புதிய நிலையம் கட்டாமல், ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இடம். இந்த இடைவெளிக்குள்தான் கதவு திறந்து, மக்கள் இறங்கி ஏறி, கதவு மூடி, ரயில் நடைமேடையை விட்டு முழுநீளமும் விலக வேண்டும். கடைசி நிலையத்தில் ரயில் தடம் மாறித் திரும்பும் நேரமும் இதற்குள் அடங்க வேண்டும். அவை நீண்டால் எவ்வளவு நுட்பமான சிக்னலும் பயன்தராது.

பணி நடந்த முறை கவனிக்கத்தக்கது. கடைசி ரயில் போன பிறகு, முதல் ரயில் புறப்படும் முன், கிடைப்பது சில மணி நேரம். அதிலும் மின்சாரத்தை நிறுத்தி ஆட்கள் இறங்கவும், வேலை முடிந்து கருவிகளை எண்ணி எடுத்து வெளியேறவும் ஒரு பகுதி போய்விடும். இரவில் புதிய முறையைச் சோதித்து, விடிவதற்குள் பழைய முறைக்குத் திரும்பி, காலைச் சேவையை அதில் நடத்த வேண்டும். ஆதலால் ஒவ்வொரு ரயிலும் பாதையின் ஒவ்வொரு பகுதியும் ஆண்டுக்கணக்கில் இரண்டு முறைகளையும் சுமந்தன. 2017 மே மாத இறுதியில் வடக்கு-தெற்குப் பாதை வார நாளில் முழுநேரமும் புதிய முறையில் ஓடத் தொடங்கியது. ஜூன் 18 அன்று திறந்த துவாஸ் மேற்கு நீட்டிப்பு தொடக்கம் முதலே புதிய முறையில் இருந்தது. ஆனால் அது இணைந்திருந்த கிழக்கு-மேற்குப் பாதை இன்னும் பழைய முறையில்தான் ஓடியது. ஒரே பயணத்தில் ரயில் ஒரு முறையிலிருந்து மற்றதற்குத் தாவ வேண்டியிருந்தது.

2017 நவம்பர் 15 காலை, ஜூ கூன் நிலையத்தில் இந்தத் தாவலின் பலவீனம் வெளிப்பட்டது. பழுதான ஒரு சிக்னல் சர்க்யூட்டைக் கடந்தபோது, முதல் ரயிலைச் சுற்றி மென்பொருள் அமைத்திருந்த காப்பு எல்லை யாருக்கும் தெரியாமல் நீங்கிவிட்டது. அந்த ரயில் நிலையத்தில் நின்றது. இரண்டாவது ரயில் வந்து அதற்குப் பின்னால் சுமார் பத்து மீட்டரில் முறையாகவே நின்றது. ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்து அது தானாக நகர்ந்து முன்னதன் மீது மோதியது. ஆறு பெட்டி ரயிலை, அமைப்பு மூன்று பெட்டி ரயிலாகக் கண்டதே காரணம். பெட்டிகள் நின்ற இடம் கணினியின் கணக்கில் வெற்றிடம். 38 பேர் காயமடைந்தனர். பழைய முறையிலோ புதிய முறையிலோ மட்டும் ஓடியிருந்தால் இவ்விபத்து நேர்ந்திராது. இரண்டும் சந்தித்த தையலில்தான் கிழிசல். அதன்பின் துவாஸ் பகுதி தனியே துண்டிக்கப்பட்டது. ஜூ கூனுக்கும் கல் சர்க்கிள் நிலையத்துக்கும் இடையே பயணிகள் பேருந்தில் சென்றனர். மாற்றுப் பணிக்காக டிசம்பரில் மேற்குப் பகுதி நிலையங்களின் சேவை நேரம் குறைக்கப்பட்டது. சில ஞாயிறுகளில் சேவையே நிறுத்தப்பட்டது. 2018 மே 28 அன்று கிழக்கு-மேற்குப் பாதை முழுவதும் புதிய முறைக்கு வந்த பிறகே அப்பகுதி மீண்டும் இணைந்தது. பாதி மாறிய நிலையை நீட்டிப்பதைவிட, சில நாள் மூடி மாற்றத்தைச் சுருக்குவது மேல் என்ற முடிவை முதலிலேயே எடுத்திருக்கலாம். பயணிகளின் சில நாள் சிரமத்துக்கு அஞ்சி, அதைவிடப் பெரிய இடரை ஆண்டுக்கணக்கில் சுமப்பது நல்ல பொறியியல் ஆகாது.

லண்டனின் ஜூபிலி பாதை காட்டுவது வேறொரு பாடம். 1999-இல் திறந்த அதன் நீட்டிப்புக்கு நகரும் பிளாக் முறையே திட்டம். புத்தாயிரம் பிறப்பதற்குள் திறந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் அது கைவிடப்பட்டு, வழக்கமான சிக்னல் வைக்கப்பட்டது. அன்று தள்ளிப்போட்ட வேலையை, ஓடும் பாதையில் வார இறுதிகளை மூடி மூடி, 2011-இல் முடிக்க நேர்ந்தது. பாரிஸ் மெட்ரோவின் முதலாம் பாதையோ ஒழுங்கைக் காட்டுகிறது. 1900-இல் தொடங்கிய அப்பாதையில் முதலில் நடைமேடைக் கதவுகள் வந்தன. பிறகு 2011 இறுதியிலிருந்து ஓராண்டு ஓட்டுநர் உள்ள ரயிலும் இல்லாத ரயிலும் ஒரே தடத்தில் கலந்து ஓடின. 2012 இறுதியில் மாற்றம் நிறைவுற்றது. கலப்பு ஓட்டம் இடைக்காலத் தொல்லையாக ஒதுக்கப்படாமல், வடிவமைப்பின் மையத்திலேயே வைக்கப்பட்டது.

ரேடியோவை நம்பும் முறைக்குப் புதுவகைப் பழுதுகளும் உண்டு. 2016-இல் சிங்கப்பூரின் வட்டப் பாதையில் ஓட்டுநரில்லா ரயில்கள் சிக்னல் தொடர்பு அறுந்து அவசர பிரேக் போட்டு ஆங்காங்கே நின்றன. இடத்திலோ நேரத்திலோ ஒழுங்கு தெரியவில்லை. அரசின் தரவு ஆய்வாளர்கள் ஒவ்வொரு நிகழ்வையும் நேரத்துக்கு எதிராக நிலையங்களை வைத்து வரைபடத்தில் குறித்தபோது, புள்ளிகள் சாய்கோடாக நகர்வது தெரிந்தது. எதிர்த் தடத்தில் செல்லும் ஏதோ ஒரு ரயில் வழியெல்லாம் மற்றவற்றைக் குலைக்கிறது என்பது அதன் பொருள். பி.வி.46 என்ற எண்ணுள்ள ரயிலின் பழுதான சிக்னல் கருவியே அதைச் செய்தது. பழுதுக்கு உள்ளான ரயில்களை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் அது பிடிபட்டிருக்காது. மற்றவற்றைக் குலைக்கும் ரயில் தானும் நிற்க வேண்டும் என்பதில்லை.

இரு முறைகள் சந்திக்கும் எல்லையைப் பற்றிய ஆய்வு, புதிய முறையின் வேகத்தையும் திறனையும் பற்றிய ஆய்வுகளோடு ஒப்பிட மிகக் குறைவு. ஆகவே இங்கு கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும் மூன்றைச் சொல்ல வேண்டும்: தாம் ஆராயும் பாதையில் பழையதும் புதியதும் எத்தனை காலம் சேர்ந்து ஓடும்; ஒன்று மற்றதைத் தவறாகப் படித்தால் ரயில் நிற்குமா, நகருமா; அந்த விடையைச் சோதித்துப் பார்த்தவர் யார்.