பாஸுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

(தோட்டக் கிளையின் மாதாந்தக் கூட்டத்தில் ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் பேசியது)



சம்பள விடயத்தைத் தலைவர் பேசிவிட்டார். நான் பேசப்போவது நம் வீட்டுக்குள் நடக்கிற காரியம். இப்போதெல்லாம் சங்கக் காரியாலயத்துக்கு வருகிற முறைப்பாடுகளில் துரைமாரைப் பற்றியது மட்டும் இல்லை, பாஸ்மாரைப் பற்றியதும் இருக்கிறது. கூரைத் தகரம் மாற்ற, குசினிக்குச் சீமெந்துத் தரை போட, இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை எடுக்க என்று அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனவரைக் காணோம் என்கிறார்கள்.

கீழ்ப்பிரிவில் ஓர் அக்கா 40,000 ரூபாய் கொடுத்தார். தோட்டை அடகு வைத்த காசும், கொழும்பில் வீட்டு வேலை செய்கிற மகள் அனுப்பிய காசும் அது. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் பாருங்கள். சேமலாப நிதி வெட்டுவதற்கு முன்பே கிட்டத்தட்ட 30 நாள் பேர். பாஸ் வந்தார், இரண்டு தகரத்தைக் கழற்றினார், ரப்பர் சீட்டைக் கட்டினார், போனார். அதற்குள் மழை பிடித்துவிட்டது.

அந்தப் பாஸைத் தேடிப் பிடித்துப் பேசினோம். அவர் கள்ளன் இல்லை. முந்தின வீட்டு வேலைக்கு ஹார்ட்வெயாரில் கடன் சொல்லி எடுத்த சாமானுக்கு அக்காவின் காசைக் கட்டியிருக்கிறார். அக்காவின் தகரத்தை வாங்க இன்னொரு வீட்டு அட்வான்ஸ் வரவேண்டும் என்று காத்திருக்கிறார். பெரும்பாலும் நடப்பது இதுதான். நாம் கொடுக்கிற காசு நம் கூரைக்குப் போவதில்லை, மற்றவர் வீட்டுப் பள்ளத்தை நிரப்பப் போகிறது. அதனால்தான் "நல்ல மனுசன், தெரிந்த மனுசன்" என்ற நம்பிக்கை மட்டும் போதாது என்கிறேன்.

அட்வான்ஸ் என்பது நமக்குப் புதிய சொல்லும் இல்லை. நம் பாட்டன் பூட்டன் கங்காணியிடம் முற்பணம் வாங்கித்தான் இந்த மலைக்கு வந்தார்கள். அந்தக் கடனைத் துண்டில் எழுதி, துண்டோடு ஆளையும் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றினார்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். அன்று முற்பணம் வாங்கியவர் கட்டுப்பட்டார். இன்று கொடுத்தவர் பாஸின் பின்னால் அலைகிறார்!

சரி, என்ன செய்யலாம்? சாமானுக்கென்று பாஸின் கையில் காசு கொடுக்கவேண்டாம். என்னென்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். பிறகு நீங்களே கடைக்குப் போய் உங்கள் பெயரில் பில் போட்டு எடுங்கள். கேட்டால் பில் கொடுக்கவேண்டியது கடைக்காரரின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் அது இருக்கிறது. சாமான் உங்கள் இஸ்தோப்பில் இருந்தால், பாஸ் வராவிட்டாலும் வேறு பாஸைக் கூப்பிடலாம். சீமெந்தை மட்டும் மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். நம் ஊர்ப் பனிக்கும் ஈரத்துக்கும் மூடையோடு கட்டியாகிவிடும். வேலை தொடங்கும் கிழமையில் எடுத்து, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

கூலியை வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். மலையில் கொந்தரப்பு எடுத்தால், முடித்து அளந்து பார்த்த பிறகுதானே நமக்குக் காசு? அதே கணக்குத்தான். பழைய தகரம் இறக்கி மரம் அடித்ததும் ஒரு பங்கு, புதுத் தகரம் ஏறியதும் ஒரு பங்கு. கடைசிப் பங்கை ஒரு நல்ல மழை பெய்து, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள். இந்த ஊரில் அதற்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. பாஸும் நம்மைப் போலக் கூலிக்காரர்தான். நம் பிள்ளைகளிலேயே எத்தனை பேர் கொழும்பில் மேசன் வேலை பழகி வந்து இங்கே செய்கிறார்கள். சொன்ன வேலை முடிந்த அன்றே சொன்ன கூலியைக் கொடுக்கவேண்டும். "பத்தாந் திகதி சம்பளம் வரட்டும்" என்று இழுப்பதென்றால், தொடங்கும் முன்பே அதைப் பேசிவிடுங்கள். சங்கத்தில் இருந்துகொண்டு இன்னொருவர் கூலியைப் பிடித்து வைப்பது நமக்கு அழகில்லை. பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் கேட்டால் ஒரு நாள் கூலியைக் கொடுங்கள், அது நியாயம். வெல்டிங் கடையில் யன்னல் கிரில்லுக்கு அட்வான்ஸ் கேட்பதும் நியாயம்தான். உங்கள் யன்னல் அளவுக்கு வெட்டிய இரும்பை அவர் வேறு யாருக்கு விற்பார்? ஆனாலும் பாதிக்கு மேல் வேண்டாம், பில்லும் வாங்குங்கள்.

"டீச்சர், எழுத்துக் கேட்டால் பாஸ் கோவிச்சுக்குவாரே" என்று ஓர் அம்மா கேட்டார். கோவிக்கட்டும். ஒரு கொப்பித் தாள் போதும். பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், என்ன வேலை, மொத்தக் கூலி, எப்போது எவ்வளவு, எந்தத் திகதிக்குள் முடியும். இரண்டு பேரும் கையெழுத்து, இரண்டு சாட்சி. பாஸ் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர் என்றால் இரண்டு மொழியிலும் எழுதுவோம். காசு கொடுக்கிற ஒவ்வொரு முறையும் அதே தாளில் திகதியோடு கையெழுத்து வாங்கி, போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு பிரச்சினை வந்து மத்தியஸ்த சபைக்குப் போனால் அங்கே சட்டத்தரணி வைத்துப் பேச முடியாது, இந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

இன்னொன்று, லயக் காம்பராவில் சுவர் உடைப்பதோ கூரையை நீட்டுவதோ என்றால் முதலில் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் எடுங்கள். துரை பாதியில் வேலையை நிறுத்தினால் கொடுத்த அட்வான்ஸ் திரும்பாது. முக்கியமாக, 50 வயதில் பெண்களுக்கும் 55இல் ஆண்களுக்கும் கைக்கு வருகிற சேமலாப நிதிக் காசு. அது வந்த செய்தி லயத்துக்குத் தெரியும் முன்பே பாஸுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெரியவர்கள் யாரும் தனியாகப் போய்க் காசு கொடுக்கவேண்டாம், கிளைத் தலைவரையோ என்னையோ கூப்பிடுங்கள்.

கீழ்ப்பிரிவு அக்காவின் விடயத்தில் பாஸ் மூன்று தவணையில் காசைத் திருப்புவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் தவணை வந்துவிட்டது. மழைக்கு முன் கூரை வேலை செய்ய நினைப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். கொப்பித் தாள் கொண்டுவந்திருக்கிறேன், இருந்து எழுதிவிட்டே போவோம்.