படச்சட்டத்துள் அடங்காத கப்பல்



மேற்கு மாம்பலத்தில், அயோத்தியா மண்டபத்திற்கு அருகேயுள்ள நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு ஒரு நாள் சென்றிருந்தேன். கூடத்துச் சுவரில், கண்ணாடியிட்டுச் சட்டமடித்த இரண்டு கப்பற்படங்கள் தொங்கின. ஒன்றில், மூன்று புகைபோக்கிகளோடு விளங்கும் வெண்ணிறப் போர்க்கப்பல். மற்றொன்றில், பாறைத்திட்டின்மீது சிதைந்து கிடக்கும் இரும்புக் கூடு. "இவை எந்தக் கப்பல்கள், தம்பி?" என்று நண்பரின் மகனை வினவினேன். "இரண்டும் ஒன்றுதான், மாமா, எம்டன்" என்றான்.

முதற்படம் அமைதிக் காலத்தது. சீனக் கரையிலுள்ள சிங்தாவ் துறைமுகத்தில் தங்கியிருந்த அந்த ஜெர்மானியக் கப்பலைக் 'கிழக்கின் அன்னம்' என்று அழைத்தனர். 1914-இல் போர் மூண்டது. வெண்மை மறைந்து சாம்பல் நிறம் ஏறியது. கப்பல் தலைவர் கார்ல் வான் முல்லர் பொய்யான நான்காம் புகைபோக்கி ஒன்றையும் எழுப்பி, அதை ஆங்கிலக் கப்பல்போலத் தோன்றச் செய்தார். முதற்படத்தை மட்டும் அறிந்த கண், அக்கப்பலைக் கடலில் கண்டால் ஏமாந்தே போகும் அல்லவா?

அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் சென்னைக் கரையை நெருங்கிக் குண்டு மாரி பொழிந்தது. துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயிர்ச் சேதமும் நேர்ந்தது. அஞ்சிய மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். நவம்பர் 9-ஆம் நாள், கோகோஸ் தீவுகளருகே, ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை வீழ்த்தியது. 130-க்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். இரண்டாம் படம் காட்டுவது அந்த முடிவையே. ஆனால் மாண்டவருள் ஒருவர் முகமும் அதில் இல்லை.

முதற்படம் போருக்கு முந்தியது. இரண்டாவது போருக்குப் பிந்தியது. சென்னை நடுங்கிய இரவு இரண்டிலும் இல்லை. அதைக் காத்து வைத்திருப்பவை உயர்நீதிமன்ற மதிலில் பதித்த ஒரு கல்வெட்டும், நம் பேச்சில் நிலைத்துவிட்ட ஒரு சொல்லுமே. சூழ்ச்சியில் வல்லவனை 'அவன் பெரிய எம்டன்' என்கிறோம் அன்றோ?

படம் பொய் சொல்வதில்லை; ஆயினும் முழுவதும் சொல்வதுமில்லை. ஆகவே பழைய படம் எதைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: எப்போது எடுத்தது? எடுத்தவர் எந்தப் பக்கத்தவர்? இதில் விடுபட்டது யாது?

அன்று அப்படங்களைக் கழற்றித் திருப்பிப் பார்த்தோம். பின்புறத்தில் ஓர் எழுத்துமில்லை. பையன் பேனாவை எடுத்து, கப்பலின் பெயரையும் ஆண்டையும் எழுதினான். சற்றே எண்ணி, கீழே மற்றொரு வரியையும் சேர்த்தான்: 'நம் ஊரைத் தாக்கிய கப்பல்.' அதன் பின்னரே படங்கள் மீண்டும் சுவரேறின.